மெயின் ரோட்டு மனை: விற்பதா, குத்தகைக்கு விடுவதா, கட்டுவதா?

முப்பது ஆண்டுக்கு முன் ஊருக்கு வெளியே என்று வாங்கிப் போட்ட இடம். இன்று எதிரே துணிக்கடை, பக்கத்தில் வங்கி. வாரம் ஒரு புரோக்கர் போன் செய்கிறார், பில்டர் ஒருவர் ஐம்பதுக்கு ஐம்பது என்கிறார், சூப்பர் மார்க்கெட்காரர் பத்து வருடக் குத்தகை கேட்கிறார். வீட்டுக்குள் நாலு பேருக்கு நாலு யோசனை. தமிழ்நாட்டில் இப்படி ஒரு வணிக மனை கையில் இருப்பவர்கள் முதல்முறையாக முடிவெடுக்கும்போது எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதற்கே இந்தக் கட்டுரை.

பெரும்பாலோர் 'என்ன விலை போகும்' என்பதில் தொடங்குகிறார்கள். அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. யார் கையெழுத்துப் போட வேண்டும், காகிதம் சுத்தமா, அங்கே எவ்வளவு கட்டலாம் என்ற மூன்றுக்கும் பதில் தெரியாமல் யாரோடும் விலை பேசினால், உங்கள் நிலத்தைப் பற்றி உங்களைவிட எதிராளிக்கு அதிகம் தெரிந்திருக்கும்.

விளக்கத்துக்கு ஒரு மனையை வைத்துக்கொள்வோம்: முகப்பு 80 அடி, ஆழம் 150 அடி, மொத்தம் 12,000 சதுர அடி. சென்னைக் கணக்கில் 5 கிரவுண்ட். மற்ற ஊர்க் கணக்கில் சுமார் 27.5 சென்ட். கிரவுண்ட் 2 கோடி என்று வைத்தால் 10 கோடி. வாரிசுகள் நான்கு பேர்.

கையெழுத்துப் போட வேண்டியவர்கள் யார்?

அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கி, உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்களோடு அவருடைய தாய்க்கும் சம பங்கு உண்டு. பாட்டி அப்போது உயிரோடு இருந்து பிறகு இறந்திருந்தால், அவருடைய பங்கு அத்தைகளுக்கும் சித்தப்பாக்களுக்கும் போயிருக்கும். பத்திரம் பதியும் வாரத்தில்தான் பலருக்கு இது தெரியவருகிறது. பூர்வீகச் சொத்தென்றால் மகள்களின் உரிமையைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2005 திருத்தச் சட்டமும் உச்ச நீதிமன்றத்தின் 2020 வினீதா சர்மா தீர்ப்பும் வந்தபின், 'கல்யாணம் பண்ணிக் கொடுத்தாச்சு, அவளுக்கு எதுக்கு' என்ற பேச்சு செல்லாது. வாய்மொழியாக விட்டுக்கொடுத்ததும் செல்லாது. விட்டுக்கொடுப்பதென்றால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும்.

வாரிசுகளில் மைனர் இருந்தால் அந்தப் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். அதற்குச் சில மாதங்களாவது ஒதுக்குங்கள். வெளிநாட்டில் இருப்பவர் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரத்தை அனுப்பலாம். அது இந்தியாவுக்குள் வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அவர் வரிக்கணக்கில் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால், வாங்குபவர் விலையில் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரியான டி.டி.எஸ். வழக்கமான 1 சதவீதம் அல்ல, மூலதன ஆதாய வரி விகிதத்திலேயே பிடிக்க வேண்டும். பத்திரப்பதிவு அன்று காலையில் இதைச் சொன்னால் வாங்குபவர் கிளம்பிப் போய்விடுவார்.

அடுத்தது பாகப்பிரிவினை ஆசை. "ஆளுக்கு 20 அடி பிரிச்சுக்கலாம்" என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 80 அடி முகப்பை நான்காகக் கிழித்தால் 20 அடி அகலமும் 150 அடி ஆழமும் கொண்ட நாலு சந்து மிஞ்சும். ஒவ்வொன்றிலும் பக்கவாட்டு இடம் விட்டு, கார் உள்ளே போய்த் திரும்ப வழி விட்டால் கட்ட ஒன்றும் இராது. ஷோரூமும் வராது, வங்கியும் வராது. 10 கோடி மனை நாலு இரண்டரைக் கோடி மனைகளாக ஆகாது. ஒருவருக்குப் பணம் வேண்டும், மற்றவர்களுக்கு வேண்டாம் என்றால் மனையை வெட்டாதீர்கள். வேண்டியவரின் பங்குக்கு மற்றவர்கள் பணம் கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக்கொள்வதுதான் மலிவான வழி. நெருங்கிய உறவுகளுக்குள் எழுதும் பாகப்பிரிவினை, விடுதலை, செட்டில்மென்ட் பத்திரங்களுக்குத் தமிழ்நாட்டில் உச்சவரம்புள்ள சலுகைத் தீர்வை இருக்கிறது. இந்தச் சலுகை யார் யாருக்குள் செல்லும் என்பதை மட்டும் சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அண்ணன் மகனுக்கும் தம்பிக்கும் ஒரே விதி அல்ல.

காகிதம்

எடுத்து வைக்க வேண்டியவை: மூலப்பத்திரமும் அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்களும், குறைந்தது 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று, பட்டா, நகரப் பகுதியென்றால் நகர நில அளவைப் பதிவேட்டுப் பகுதி, எஃப்.எம்.பி. எனும் நில அளவை வரைபடம், காலிமனை வரி ரசீது, வாரிசுச் சான்று, இறப்புச் சான்று. வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் பழைய ஆண்டுகளின் விவரம் கணினியில் ஏறாமல் விட்டுப்போயிருக்கலாம். அந்தக் காலத்துக்கு அலுவலகத்தில் கையால் தேடிய சான்று கேட்டு வாங்குங்கள்.

வில்லங்கத்தில் முதலில் தேட வேண்டியது பழைய அடமானம். கடன் கட்டி முடித்து 20 வருடம் ஆகியிருக்கும், வங்கிக் கிளையே வேறு வங்கியோடு இணைந்திருக்கும், ஆனால் 'ரசீது' பத்திரம் பதிவாகாமல் அடமானம் அப்படியே நிற்கும். அதை இப்போதே முடித்து வையுங்கள்.

பிறகு அளவு. இங்கேதான் கண்ணை விரித்துப் பார்க்க வேண்டும். பத்திரம் அடியில் பேசும், பட்டா சதுர மீட்டரில் பேசும், மதில் சுவர் தன் கணக்கில் நிற்கும். பத்திரத்தில் 12,000 சதுர அடி, அதாவது சுமார் 1,115 சதுர மீட்டர் இருக்கிறது. பட்டாவில் 1,081 என்று இருக்கிறது. வித்தியாசம் 34 சதுர மீட்டர்தானே என்று விடாதீர்கள். கட்டட அனுமதி கொடுக்கும் சி.எம்.டி.ஏ.வோ டி.டி.சி.பி.யோ பத்திரம், பட்டா, இடத்தில் உள்ள அளவு மூன்றிலும் எது குறைவோ அதைத்தான் எடுக்கும். 34 சதுர மீட்டர் என்பது சுமார் 365 சதுர அடி. இரண்டு மடங்கு கட்டலாம் என்ற இடத்தில் 730 சதுர அடிக் கடை காற்றில் போகிறது. சர்வேயரை வைத்து அளந்து, பக்கத்து மனைக்காரர் நகர்ந்திருக்கிறாரா, சாலை விரிந்து தின்றுவிட்டதா, பட்டாவில் எழுத்துப் பிழையா என்று கண்டுபிடியுங்கள். எழுத்துப் பிழையென்றால் திருத்த மனு போடலாம். பக்கத்து மதில் உள்ளே வந்திருந்தால் 12 ஆண்டு அனுபவ உரிமை பேசப்படுவதற்கு முன் நோட்டீஸ் அனுப்புங்கள்.

வாங்குபவரின் வக்கீல் பார்ப்பதற்கு முன் உங்கள் வக்கீல் பார்க்க வேண்டியவை இன்னும் சில. பத்திரப்பதிவுக்கு அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு பதிவேட்டில் பூஜ்யம் என்று காட்டினால், அந்த சர்வே எண்ணை அறநிலையத்துறையோ வக்ஃப் வாரியமோ வேறு அரசுத்துறையோ உரிமை கோரித் தடுத்து வைத்திருக்கக்கூடும். பட்டாவில் அனாதீனம் (உரிமை கோராத நிலம்), ஓடை, ஏரி, புறம்போக்கு போன்ற சொற்கள் எங்காவது தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சென்னை, மதுரை, கோவை, திருச்சி, சேலம், நெல்லை சுற்றுவட்டத்தில் பெரிய மனையாக இருந்தால் 1978 நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை நடந்ததா என்று கேளுங்கள். சட்டம் 1999இல் நீக்கப்பட்டாலும், அதற்கு முன் அரசு சுவாதீனம் எடுத்த இடங்கள் திரும்பி வரவில்லை.

அங்கே எவ்வளவு கட்டலாம்?

மனையின் விலை அதன் பரப்பில் இல்லை. அதன் மேல் எத்தனை சதுர அடி எழுப்பலாம் என்பதில் இருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த மேம்பாடு மற்றும் கட்டட விதிகள் 2019இன்படி, 18.30 மீட்டர் உயரத்துக்கு உட்பட்ட சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. எனும் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது 12,000 சதுர அடி மனையில் 24,000 சதுர அடி. இதற்கு மேல் கட்டணம் கட்டிப் பெறும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. உண்டு. சாலை 18 மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் 50 சதவீதம், 12 முதல் 18 மீட்டர் வரை 40 சதவீதம், 9 முதல் 12 மீட்டர் வரை 30 சதவீதம் கூடுதல். ஆக, சாலை 11.8 மீட்டரா 12.1 மீட்டரா என்பது சில லட்சங்கள் பெறும் கேள்வி. உங்கள் மனைக்கு முன்னால் மட்டும் அகலமாக இருந்தால் போதாது, வந்து சேரும் சாலையின் அகலத்தையும் பார்ப்பார்கள். டேப் வைத்து அளந்துவிட்டு, உள்ளாட்சியின் சாலைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள்.

மாஸ்டர் பிளானில் அந்த சர்வே எண் வணிகப் பகுதியா, குடியிருப்புப் பகுதியா என்று எழுத்தில் வாங்குங்கள். சுற்றிலும் கடையாக இருப்பது ஆதாரமல்ல. மெட்ரோ தடம், நெடுஞ்சாலை விரிவாக்கம், மேம்பாலம் ஆகியவற்றையும் விசாரியுங்கள். மேம்பாலம் வந்தாலே விலை ஏறும் என்று புரோக்கர் சொல்வார். பாலத்தின் ஏற்றம் சரியாக உங்கள் வாசலில் தொடங்கினால் எதிர்ப்புறத்திலிருந்து வண்டி திரும்பி வர முடியாது, கடைக்காரர்கள் அந்த இடத்தைக் கடந்து போய்விடுவார்கள். பாலத்தின் வரைபடத்தில் ஏற்றம், இறக்கம், யூ-டர்ன் மூன்றும் எங்கே என்று பார்த்தால் போதும். சாலை விரிவாக்கக் கோடு மனைக்குள் வந்தால் அந்தத் துண்டைக் கட்டட அனுமதியின்போது தானப்பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டிவரும். முனை மனை என்றால் மூலையும் போகும். மனை 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்கவோ அதற்கு ஈடாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டவோ வேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் நிலமாகவே கொடுக்க வேண்டும். நம் உதாரண மனைக்கு அந்தத் தொல்லை இல்லை.

பிறகு ஒரு ஆர்க்கிடெக்டிடம் கட்டணம் கொடுத்து ஒரே ஒரு தாள் கேளுங்கள்: சுற்றிலும் விட வேண்டிய இடம் போக ஒரு தளத்துக்கு எவ்வளவு, கார் நிறுத்தம் எத்தனை, டிரான்ஸ்பார்மர் எங்கே, தீயணைப்பு வண்டி வழி எங்கே. இந்தத் தாள் இல்லாதவர்கள் 24,000 சதுர அடியும் கடை வாடகைக்குப் போகும் என்று மனக்கணக்குப் போடுகிறார்கள். உண்மையில் அதிக வாடகை தரும் தரைத்தளத்தைத்தான் கார் நிறுத்தம் முதலில் விழுங்குகிறது.

நான்கு வழிக்கும் ஒரே கணக்கு

கீழே உள்ள வாடகையும் செலவும் கணக்குக்காக வைத்தவை. உங்கள் சாலையின் எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். முறைதான் முக்கியம்: எல்லா வழியையும் 'வருடத்துக்குக் கையில் எவ்வளவு' என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

*விற்றால்.* 10 கோடி. அப்பா 1990களில் வாங்கியது. வாங்கிய விலைக்குப் பதிலாக எடுக்கும் 2001 ஏப்ரல் 1 மதிப்பு 50 லட்சம் என்று பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் சான்று தருகிறார் என்போம். அன்றைய வழிகாட்டி மதிப்பை இது தாண்டக் கூடாது. ஆதாயம் 9.5 கோடி. நீண்டகால ஆதாய வரி 12.5 சதவீதம், ஒவ்வொருவர் பங்கும் ஒரு கோடியைத் தாண்டுவதால் அந்த வரியின் மேல் 15 சதவீத சர்சார்ஜ், அதன் மேல் 4 சதவீத செஸ். மொத்தம் சுமார் 1.42 கோடி. மீதி 8.58 கோடி. அதை 7 சதவீதத்துக்குப் போட்டால் வருடம் 60 லட்சம்.

2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்து என்பதால், பணவீக்கத்தைச் சரிக்கட்டி 20 சதவீதத்தில் கட்டும் பழைய கணக்கையும் இந்தியாவில் வசிக்கும் தனிநபர் போட்டுப் பார்த்து, குறைவானதைக் கட்டலாம். விலை பல மடங்கு ஏறிய மனைக்குப் பெரும்பாலும் 12.5 சதவீதமே லாபம்.

*வெற்று மனையாகக் குத்தகைக்கு விட்டால்.* நில மதிப்பில் 3 சதவீதம் என்று வைத்தால் வருடம் 30 லட்சம். செலவு இல்லை, நிலம் உங்களுடையது. ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. கட்டட வாடகைக்கு வருமான வரியில் 30 சதவீதம் நிலைக்கழிவு கிடைக்கும். வெற்று மனை வாடகை 'பிற வருமானம்' என்பதால் அந்தக் கழிவு கிடையாது. வாடகை வருடம் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் 18 சதவீத வரி வசூலும் சேரும். நாலு பேர் தனித்தனி உரிமையாளர்களாகத் தனித்தனியே வாடகை வாங்கினால் ஒவ்வொருவர் கணக்கும் தனி.

*நாமே கட்டினால்.* பாதித் தரைத்தளம் கார் நிறுத்தம். வாடகைக்குத் தரைத்தளத்தில் 3,000 சதுர அடி, மேலே நான்கு தளம் தலா 5,250. தரை 110 ரூபாய், முதல் தளம் 65, அதற்கு மேல் 45 என்றால் மாதம் 13.8 லட்சம், வருடம் 1.66 கோடி. காலியாகக் கிடக்கும் மாதங்கள், சொத்து வரி, பராமரிப்புக்கு 15 சதவீதம் போக 1.41 கோடி. கட்டுமானம், அனுமதி, லிப்ட், தீத்தடுப்பு, மின் இணைப்பு எல்லாம் சேர்த்து 8.5 கோடி. முழுவதும் 10 சதவீதக் கடனில், 12 ஆண்டில் அடைப்பதென்றால் தவணை மாதம் சுமார் 10.2 லட்சம், வருடம் 1.22 கோடி. கையில் நிற்பது 19 லட்சம். அதற்கு முன் கட்டுமானம் நடக்கும் இரண்டு வருடம் வாடகை பூஜ்யம், வட்டி மட்டும் ஓடும். கடன் முடிந்தபின் படம் முற்றிலும் மாறும், உண்மைதான். ஆனால் நாலு வாரிசில் மூவர் 65 வயதைத் தாண்டியிருந்தால் 14 வருடம் கழித்து வரும் நல்ல காலம் யாருக்கு என்று யோசிக்க வேண்டும். சொந்தப் பணம் பாதியாவது இல்லாத குடும்பத்துக்கு இந்த வழியைப் பரிந்துரைக்க முடியாது.

*பில்டரோடு கூட்டாகக் கட்டினால்.* பாதிக்குப் பாதி என்றால் 12,000 சதுர அடி உங்களுக்கு. வருடம் சுமார் 70 லட்சம் கையில், கடன் இல்லை. நாலு வழியில் இதுதான் அழகாகத் தெரியும். அதனால்தான் இதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பில்டர் 8.5 கோடி செலவழித்து 12,000 சதுர அடி பெறுகிறார். சதுர அடிக்கு அவருடைய அடக்கம் 7,080 ரூபாய். வட்டியும் லாபமும் சேர்த்தால் 9,500க்காவது விற்றால்தான் அவருக்குக் கட்டுபடியாகும். உங்கள் சாலையில் வணிக இடம் 8,000க்குத்தான் போகிறது என்றால், ஐம்பதுக்கு ஐம்பது என்று ஒருவர் வாய் கூசாமல் சொல்வது தாராளம் அல்ல. பாதியில் நின்ற கட்டடங்கள் பலவற்றுக்குப் பின்னால் இப்படியொரு கணக்கு இருக்கும். நாற்பதுதான் தர முடியும் என்று கணக்கோடு பேசுபவரை உட்காரவைத்துப் பேசுங்கள்.

கூட்டுக் கட்டுமானத்தில் கவனிக்க வேண்டியவை

பங்கைச் சதுர அடியில் பேசாதீர்கள். தரைத்தளத்தின் ஒரு சதுர அடி மேல்தளத்தின் இரண்டு சதுர அடிக்கு மேல் பெறும். 'மொத்தப் பரப்பில் பாதி' என்று எழுதிவிட்டு, பிறகு உங்களுக்கு மூன்றாம் நான்காம் தளமும் அவருக்குத் தரையும் முதல் தளமும் என்று ஒதுக்கினால் பாதி அல்ல, மூன்றில் ஒன்றுதான் கிடைத்தது போலாகும். எந்தத் தளம், எந்தப் பக்கம், எத்தனை கார் நிறுத்தம், மொட்டை மாடியில் விளம்பரப் பலகையும் செல்போன் கோபுரமும் வைக்கும் உரிமை யாருக்கு என்பதை வரைபடத்தில் வண்ணமிட்டு ஒப்பந்தத்தோடு இணையுங்கள். ஒவ்வொரு தளத்திலும் பாதிப்பாதி என்பதைவிட முழுத் தளங்களாக எடுப்பது நல்லது. வங்கியோ ஆய்வுக்கூடமோ வந்தால் ஒரே ஆளிடம் முழுத் தளமும் கேட்கும்.

பொது அதிகாரப் பத்திரத்தில் அனுமதி வாங்க, கட்ட, அவர் பங்கை மட்டும் விற்க என்று தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள். விற்கும் அதிகாரம் கட்டுமானம் வளர வளரத் தளம் தளமாகச் செல்லுபடியாக வேண்டும். நிலத்தை அடமானம் வைக்கும் அதிகாரம் எந்தச் சொல்லிலும் நுழையக் கூடாது. 'திட்டத்துக்குத் தேவையான நிதி திரட்ட' என்ற வாசகம் அதுதான். மனை 500 சதுர மீட்டருக்கு மேல் என்பதால் விற்பனைக்கு முன் ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயம். அங்கே நில உரிமையாளராக உங்கள் பெயரும் ஏறும், பொறுப்பும் சேர்ந்து வரும்.

வரி? பதிவு செய்த கூட்டு ஒப்பந்தத்தில் தனிநபர் உரிமையாளருக்கு ஆதாய வரி கட்டட நிறைவுச் சான்று கிடைத்த ஆண்டில் வரும். உங்கள் பங்குக் கட்டடத்தின் முத்திரை மதிப்பும் வாங்கிய ரொக்கமும் சேர்ந்ததுதான் விற்பனை விலை. ஆக, வாடகைக்கு ஆள் வருவதற்கு முன்பே வரி வந்து நிற்கலாம். அதைக் கட்டும் அளவுக்காவது ஒரு தொகையைத் திருப்பித் தர வேண்டாத முன்பணமாகக் கேட்டு வாங்குங்கள். அதில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள்.

குத்தகைப் பத்திரம்

ஓராண்டுக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையும் பதிவு செய்யப்பட வேண்டும். 30 ஆண்டுக்குள் என்றால் மொத்த வாடகை, முன்பணம் எல்லாவற்றின் மேலும் 1 சதவீத முத்திரைத் தீர்வை. இதை மிச்சம் பிடிக்க 11 மாதக் காகிதத்தை வருடா வருடம் புதுப்பிப்பவர்கள், வழக்கு என்று வரும்போது கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள்.

வெற்று மனையில் குத்தகைதாரரே கட்டிக்கொள்வது தரை வாடகை. தரை வாடகை என்றதும் பழைய உரிமையாளர்கள் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. 1921ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், மனையில் கட்டடம் கட்டிய குத்தகைதாரருக்கு அந்த மனையையே நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு வாங்கும் உரிமை கொடுத்தது. உங்கள் இடத்தில் ஏற்கெனவே பழைய தரை வாடகைக்காரர் இருந்தால் முதல் வேலையாக வக்கீலிடம் இதைக் கேளுங்கள். புதிதாக விடும்போது, கழற்றி எடுக்கக்கூடிய இரும்புக் கூரைக் கட்டுமானம் மட்டும், காலம் முடிந்ததும் அகற்றும் பொறுப்பு யாருக்கு, அகற்றாத ஒவ்வொரு மாதத்துக்கும் இரட்டை வாடகை என்று எழுதுங்கள். மின் இணைப்பு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். மூன்று ஆண்டுக்கொருமுறை 15 சதவீத ஏற்றம் பரவலாக எழுதப்படுவது. ஆண்டுக்கு 5 சதவீதம் என்றால் உங்களுக்குச் சற்று நல்லது. உள்குத்தகை கூடாது என்பதோடு, நிறுவனம் கைமாறினாலும் அனுமதி வேண்டும் என்றும் சேருங்கள். பெட்ரோல் பங்க் 20, 30 ஆண்டுக் கணக்கில் கேட்கும். வாடகையும் தாமதமின்றி வரும். ஆனால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. நிலத்தடித் தொட்டியை எடுத்து மண்ணைச் சுத்தம் செய்து தரும் பொறுப்பை எழுதாமல் கொடுக்காதீர்கள்.

விற்பதென்று முடிவானால்

புரோக்கரிடம் மூலப்பத்திர நகலைக் கொடுக்காதீர்கள். சர்வே எண்ணும் அளவும் போதும். நகல் பத்துப் பேர் வாட்ஸ்அப்பில் சுற்றினால் மனை 'அடிபட்ட இடம்' ஆகிவிடும், விலை இறங்கும்.

டோக்கன் அட்வான்ஸ் என்று ஒரு லட்சம் வாங்கி வெள்ளைத் தாளில் ரசீது எழுதித் தருவதுதான் இந்தத் தொழிலின் பெரிய கண்ணி. குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பின் ஒப்பந்தத்தை நிறைவேற்றும்படி உத்தரவிடுவதே நீதிமன்றத்தின் பொது விதி, மறுப்பதுதான் விதிவிலக்கு. அந்த ஒரு லட்ச ரூபாய்த் தாளை வைத்து வழக்குப் போட்டு, 10 கோடி மனையை ஆண்டுக்கணக்கில் முடக்கலாம். வாங்கினால் பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம், 10 சதவீதமாவது முன்பணம், 3 மாதம் கெடு. கெடு தாண்டினால் என்ன ஆகும் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும்.

ரொக்கம் பேச்சு வரும். நிலத்துக்காக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வாங்கியவருக்குத்தான்; கொடுத்தவருக்கு அல்ல. விலையை வழிகாட்டி மதிப்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டினால், வரிக்கு வழிகாட்டி மதிப்பையே விற்பனை விலையாக எடுப்பார்கள். பத்திரச் செலவு வாங்குபவருடையது: 2023 ஏப்ரல் முதல் 7 சதவீதத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். அவர் விலையைக் குறைக்கச் சொல்லும்போது இந்த 9 சதவீதத்தை மனதில் வைத்துத்தான் பேசுகிறார்.

முடிவெடுக்கும் வரை

இந்த வேலைகளுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகலாம். அதுவரை கருவேலம் வெட்டி, கம்பி வேலியும் பூட்டிய கேட்டும் போட்டு, உரிமையாளர் பெயர்ப் பலகை வையுங்கள். காலிமனை வரியை நிலுவையின்றிக் கட்டுங்கள். முகப்பில் டீக்கடை வைத்துக்கொள்கிறேன், இடத்தையும் பார்த்துக்கொள்கிறேன் என்று வருபவருக்குச் சும்மா விடாதீர்கள். கார் நிறுத்தத்துக்கு விடுவதானால் வாடகை என்ற சொல் இல்லாத லைசென்ஸ் ஒப்பந்தமாக, சாவி உங்களிடம் இருக்கும்படி விடுங்கள்.

விற்பவர்கள் பதிவுத் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். வரிவிலக்குக்கான 54இசி முதலீட்டுப் பத்திரங்களை (பாண்டுகளை) அன்றிலிருந்து 6 மாதத்துக்குள் வாங்க வேண்டும். ஆளுக்கு 50 லட்சம் உச்சவரம்பு, 5 ஆண்டு எடுக்க முடியாது. நாலு வாரிசும் முழுதாகப் போட்டால் 2 கோடி ஆதாயத்துக்கு வரி இல்லை, சுமார் 30 லட்சம் மிச்சம். வீடு வாங்கி 54எஃப் எனும் வீட்டு முதலீட்டு விலக்குப் பெற நினைப்பவர், விற்பதற்கு ஓராண்டு முன்போ இரண்டு ஆண்டு பின்போ வாங்கலாம், அல்லது மூன்று ஆண்டுக்குள் கட்டலாம். விற்ற அன்று அவர் பெயரில் ஒன்றுக்கு மேல் வேறு வீடு இருந்தால் அந்த விலக்கு கிடையாது. வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் பணத்தைச் செலவிடவில்லையென்றால், மீதியை வங்கியின் மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் போட்டு வைக்க வேண்டும். சாதாரண வைப்பு நிதியில் போட்டால் விலக்குப் போய்விடும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு என்பதால், ஆடிட்டரிடம் எண்ணைச் சொல்லாமல் 'வீட்டு முதலீட்டு விலக்கு', 'பத்திர விலக்கு' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.